சியன்னா பேராலயத்தின் பாதிச் சுவர்: கொள்ளைநோய் மட்டும்தான் காரணமா?

கேள்வி, 11 ஜூன்

நவம்பரில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். புளோரன்சிலிருந்து சியன்னாவுக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே உள்ள பேராலயத்தைப் பற்றிப் படித்த இடத்திலெல்லாம் ஒரே வரிதான்: "மிகப் பெரிய ஆலயமாக விரிவாக்க ஆரம்பித்தார்கள், 1348-இல் கொள்ளைநோய் வந்து நின்றுபோனது." அவ்வளவுதானா? நோய் போன பிறகு கட்டி முடித்திருக்கலாமே? அங்கே போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அரை நாள் போதுமா?

11 ஜூன், இரவு

அரை நாள் போதாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருபத்தாறு வருடமாகக் கட்டட வேலையில் இருப்பவன். சியன்னாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். கொள்ளைநோய் கதை பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி அந்தச் சுவர்களிலேயே இருக்கிறது. நாளை மறுநாள் எழுதுகிறேன்.

13 ஜூன்

சரி, இடத்தைக் கண்முன் கொண்டுவரப் பார்க்கிறேன்.

பேராலயத்தின் முகப்பைப் பார்த்து நில்லுங்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையான சுவர், பின்னால் குவிமாடம், கோடு போட்ட மணிக்கூண்டு. இப்போது அப்படியே வலப்பக்கம் நடந்தால் ஒரு திறந்த முற்றம் வரும். ஓரத்தில் உயர்ந்த வளைவுகள், தலைக்கு மேலே வானம். முற்றத்தின் கடைசியில் ஒரு மிகப் பெரிய சுவர் தன்னந்தனியாக நிற்கும். அதில் ஒரு பெரிய ஜன்னல் துவாரம், அதற்குள்ளும் வானம்தான் தெரியும். வெளியூர்க்காரர்கள் பலர் அதை இடிந்துபோன பழைய கோட்டை என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் முதல் தடவை ஏதோ குண்டுவீச்சில் கூரை போன கட்டடம் என்றுதான் நினைத்தேன்.

அந்த முற்றம் முற்றமே இல்லை. அது ஆலயத்தின் நடுக்கூடம். கூரை போடாமலே விட்டது. கடைசியில் நிற்கும் அந்தத் தனிச் சுவர் புதிய முகப்பு. உள்ளூரில் அதற்கு 'ஃபச்சாத்தோனே' என்று பெயர், பெரிய முகப்பு என்று பொருள்.

1339-இல் நகரப் பேரவை எடுத்த முடிவு இது. இருக்கிற ஆலயத்தை இடிக்க வேண்டாம், அதைக் குறுக்குக் கூடமாக வைத்துக்கொண்டு, அதன் வலப்பக்கமிருந்து ஒரு புதிய நடுக்கூடத்தை இழுத்துவிடுவோம். அதாவது இன்று நாம் உள்ளே போய் வாய் பிளந்து பார்க்கும் நீண்ட கூடம் முழுவதும், புதிய திட்டத்தில் வெறும் கைகள். சிலுவை வடிவத்தையே திருப்பிப் போடும் யோசனை. இப்படி ஒரு வரைபடத்தைப் போட என்ன துணிச்சல் வேண்டும்!

காரணம் புளோரன்ஸ். பக்கத்து ஊர், பரம எதிரி. அங்கே 1296-இலேயே ஒரு பெரிய பேராலயம் எழும்பத் தொடங்கிவிட்டது. சியன்னாவில் அப்போது ஆட்சி 'ஒன்பதின்மர்' என்ற வணிகர் குழுவிடம். பணம் இருந்தது, வீம்பும் இருந்தது.

1340-இல் வேலை ஆரம்பம். 1348-இல் கொள்ளைநோய். தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்த அஞ்ஞோலோ தி தூரா இந்த ஊர்க்காரர்தான். நகரத்தில் பாதிப்பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பொதுவான கணிப்பு. 1355-இல் ஒன்பதின்மர் ஆட்சி கவிழ்ந்தது. 1357-இல் புதிய கூடத்தில் ஆபத்தான பகுதிகளை இடிக்க உத்தரவானது.

அந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆளில்லை, காசில்லை என்றால் வேலையை நிறுத்துவோம். கட்டியதை இடிக்க மாட்டோம். இடித்தார்கள் என்றால் அது நிற்காது என்று யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

13 ஜூன், சற்றுப் பிறகு

யார் பார்த்தது என்று உடனே கேட்டிருக்கிறார் ஒருவர். 1356-இல் பென்சி தி சியோனே என்ற கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எந்த ஊர்க்காரர் என்றால், புளோரன்ஸ்! வீம்பாகக் கட்ட ஆரம்பித்த கட்டடத்தைப் பார்வையிட எதிரி ஊர்க்காரரையே அழைத்திருக்கிறார்கள். தூண்கள் அவை தாங்க வேண்டிய பாரத்துக்கு மெலிந்தவை என்பதுதான் விஷயம்.

1322-இலேயே லொரென்சோ மைத்தானி என்ற கட்டடக்கலைஞர் தலைமையில் ஐந்து பேர் இந்த விரிவாக்கம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கொள்ளைநோய்க்கு இருபத்தாறு வருடம் முன்பே எச்சரிக்கை இருந்தது.

16 ஜூன்

மெலிந்த தூண் என்றால் சும்மா பார்த்தால் தெரியாது. நான் அந்த முற்றத்தில் ஒரு தூணடியில் நின்று மேலே பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே தாராளமான இடைவெளி, வளைவுகள் அகலமானவை. உள்ளே வெளிச்சமும் காற்றும் கொட்ட வேண்டும் என்ற ஆசை தெரிகிறது. ஆனால் இதன்மேல் கல் கூரை வளைவு உட்காரும்போது அது கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். தள்ளுவதைத் தாங்கத் தூண் பருமனாக வேண்டும், அல்லது வெளியிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு கல்யாண மண்டபத்தை விரிவாக்கினோம். பழைய கட்டடம் பாறைமேல், புதிய பகுதி மண் கொட்டி நிரப்பிய இடத்தில். அஸ்திவாரத்தை இன்னும் ஆழப்படுத்த வேண்டும் என்று நான் சொன்னேன், முதலாளி கேட்கவில்லை. பூச்சு முடிந்த மறு மாதமே பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல். அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தோம். சுவர் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. நகர்ந்தால் கண்ணாடி உடையும். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டாக இருந்தது. அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிமிடம் இன்னும் வயிற்றில் இருக்கிறது.

சியன்னாவிலும் அப்படி ஒரு காலை நேரம் இருந்திருக்கும். யாரோ ஒரு மேஸ்திரி சாரத்தில் ஏறி, நேற்று இல்லாத ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்திருப்பார்.

19 ஜூன்: ஒரு திருத்தம்

13-ஆம் தேதி மைத்தானி பற்றி நான் எழுதியது தவறு. மறுபடி எடுத்துப் படித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இது முக்கியமான தவறு.

1322 அறிக்கை இந்தப் புதிய நடுக்கூடத்தைப் பற்றியதே இல்லை. அது பீடத்துக்குப் பின்பக்க விரிவாக்கம் பற்றியது. சியன்னா மலைமேல் உள்ள ஊர், ஆலயத்தின் பின்பக்கம் சரிவு. அங்கே கீழே திருமுழுக்கு ஆலயத்தைக் கட்டி, அதன் தலைமேல் பாடகர் பகுதியை நீட்டிக்கொண்டு போனார்கள். கடைக்கால் போதவில்லை, புதுச் சுவர் இறங்குகிறது என்று மைத்தானியும் மற்ற நால்வரும் சொன்னது அந்த வேலையை. கூடவே அவர்கள் சொன்ன இன்னொன்று: இதை விட்டுவிட்டு, அழகான பெரிய ஆலயம் ஒன்றைப் புதிதாகக் கட்டுங்கள்!

ஆக, புதிய ஆலயம் வேண்டாம் என்றவர்கள் இல்லை அவர்கள், வேண்டும் என்றவர்கள். நான் தலைகீழாக எழுதிவிட்டேன்.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். ஆபத்து என்று அவர்கள் சொன்ன பின்பக்க விரிவாக்கத்தை ஊர் நிறுத்தவில்லை, கட்டியே முடித்தது. அது இன்றும் நிற்கிறது. கீழே திருமுழுக்கு ஆலயத்தில் சிற்பிகள் தொனத்தெல்லோவும் கிபெர்த்தியும் யாக்கோப்போ தெல்லா குவெர்ச்சாவும் சேர்ந்து செய்த தொட்டி இருக்கிறது. அதற்கு மேலே பீடம், பூசை நடக்கிறது. நிற்காது என்ற பகுதி நின்றது, நிற்கும் என்று நம்பிக் கட்டியது விரிசல் விட்டது. நான் சொல்லவந்த வாதத்துக்கு இது அவ்வளவு வசதியாக இல்லை. ஆனாலும் உண்மை அதுதான்.

மைத்தானி சியன்னாவில் வேலை கற்றவர், ஓர்வியேத்தோ ஊர்ப் பேராலயத்தின் முகப்பை எழுப்பியவர். அதையும் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

20 ஜூன்

கறுப்பு வெள்ளைப் பட்டை ஏன் என்று கேட்டவருக்கு: அது சியன்னா நகரத்தின் நிறம். ஊர்ச் சின்னமே மேலே வெள்ளை கீழே கறுப்பு. ரோமை உருவாக்கிய ரோமுலுசின் தம்பி ரேமுசுக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவன் வெள்ளைக் குதிரையிலும் ஒருவன் கறுப்புக் குதிரையிலும் வந்து இந்த ஊரை அமைத்தார்கள் என்பது கதை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கறுப்பு கறுப்பில்லை, கரும்பச்சை. மழை பெய்து நனைந்த இடத்தில் அந்தப் பச்சை நன்றாகத் தெரியும்.

உள்ளே தூண்களும் அதே பட்டை. முதல் ஐந்து நிமிடம் கண் கூசும். அப்புறம் ஒரு விஷயம் நடக்கும். தூண்களில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் ஓடுவதால், கூடம் பீடத்தை நோக்கி ஓடுவதுபோலத் தோன்றும். கோடு பிசகாமல் இத்தனை தூண்களை ஏற்றியதற்கு அந்தக் கொத்தனார்களைக் கும்பிட வேண்டும்.

20 ஜூன், இரவு

உள்ளே தூண் வரிசைக்கு மேலே நெற்றிச் சுவர் முழுக்கத் தலைகள் எட்டிப் பார்க்கும். எல்லாம் போப்பாண்டவர்கள். பேதுருவில் ஆரம்பித்து மூன்றாம் லூசியுஸ் வரை, 170-க்கு மேல். சின்னப் பிள்ளைகள் இருந்தால் எண்ணச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது.

27 ஜூன்

நவம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முதலில் கவனிக்கவில்லை. தயவுசெய்து தேதியை மாற்றப் பாருங்கள்.

முதல் முறை நான் போனது மார்ச் மாதம். தரையெங்கும் பழுப்பு நிறப் பலகை அட்டை விரித்திருந்தார்கள். ஏதோ பழுது வேலை என்று நினைத்து, அதன்மேல் நடந்து, தலையை அண்ணாந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, நான் நடந்தது உலகத்தின் மிக அழகான கல் தரைமேல் என்று. 56 சித்திரங்கள். 1369-இலிருந்து 1547 வரை போட்டிருக்கிறார்கள். மிதிபட்டுத் தேயாமல் இருக்க வருடத்தில் பெரும்பகுதி பாதிக்கு மேல் மூடிவைத்து, கோடையிலும், ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரையிலும்தான் திறக்கிறார்கள். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் பட்ட வருத்தம் இருக்கிறதே! நான்கு வருடம் காசு சேர்த்து, இரண்டாம் முறை செப்டம்பரில் போனேன்.

4 ஜூலை

பிரசங்க மேடை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று மேலே ஒருவர். சொல்லாமல் விடுவேனா.

செய்தவர் சிற்பி நிக்கோலா பிசானோ, 1265-இலிருந்து 1268 வரை. எண்கோண வடிவம், ஏழு புடைப்புச் சித்திரப் பலகைகள், கறாரா சலவைக்கல். வெளிவட்டத் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றைச் சிங்கங்கள் முதுகில் சுமக்கின்றன. ஆண் சிங்கம் இரையைக் கடித்துக்கொண்டிருக்கும், பெண் சிங்கம் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். நான் குனிந்து அந்தக் குட்டிகளைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நடுத் தூணின் அடியில் இலக்கணம், கணிதம், இசை என்று அந்தக் காலத்துப் படிப்புகள் எல்லாம் பெண்களாக உட்கார்ந்திருக்கின்றன. சிங்கமும் படிப்பும் சேர்ந்து பிரசங்கத்தைத் தாங்குகின்றன.

ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. நாள் கூலி போட்டிருக்கிறார்கள்: நிக்கோலாவுக்கு 8 சோல்தி (அந்தக் காலத்து நாணயம்), உதவிச் சிற்பிகள் அர்னோல்ஃபோவுக்கும் லாப்போவுக்கும் 6, மகன் ஜியோவான்னி வந்தால் அவனுக்கு 4. கூலிப் பட்டியல் பார்த்துப் பழகிய எனக்கு அந்த 4 சோல்தியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்பா கூட வேலைக்கு வரும் பையனுக்கு எல்லா ஊரிலும் அரைக் கூலிதான். அதிலும் அர்னோல்ஃபோ சொன்னபடி வந்து சேரவில்லை. 1266-இல் ஆலய வேலையைக் கவனித்துவந்த துறவி மெலானோ, அவரைக் கூட்டிவராவிட்டால் அபராதம் என்று நிக்கோலாவிடம் கறாராகச் சொல்லியிருக்கிறார்.

அந்த 4 சோல்திப் பையன்தான் ஜியோவான்னி பிசானோ. பிறகு 1284 முதல் இதே ஆலயத்தின் முகப்பில் கீழ்ப்பாதியைச் செய்தவர்.

அந்த 6 சோல்தி அர்னோல்ஃபோ யார்? அர்னோல்ஃபோ தி காம்பியோ. 1296-இல் புளோரன்ஸ் பேராலயத்தை ஆரம்பித்தவர். எந்த ஆலயத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுச் சியன்னா தன் ஆலயத்தைப் பெரிதாக்கக் கிளம்பியதோ, அதை வரைந்த கை சியன்னாவில் கூலி வாங்கிய கை.

5 ஜூலை

ஜியோவான்னி முகப்பில் வைத்த சிலைகளின் மூலங்கள் இப்போது பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தில். வெளியே இருப்பவை பிரதிகள். மோசேயின் அக்கா மிரியாம் சிலையைத் தேடிப் பாருங்கள். கழுத்து ஆமைக் கழுத்து மாதிரி முன்னால் நீண்டிருக்கும். நேருக்கு நேர் பார்த்தால் பிழை என்று தோன்றும். பிழை இல்லை. உயரத்தில் நிற்கும் சிலையைக் கீழேயிருந்து பார்த்தால் மார்பு முகத்தை மறைத்துவிடும். அதற்காகக் கழுத்தை நீட்டிச் செதுக்கியிருக்கிறார். நான் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் கழுத்து சரியானது, முகம் யாரையோ கூப்பிடுவதுபோல ஆனது. காவலர் வந்து எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

முகப்பின் மேல்பாதி வேறு ஆள், வேறு காலம். 1376 வாக்கில் ஜியோவான்னி தி செக்கோ. கீழ்ப்பாதியின் நெடுந்தூண் கோடுகளும் மேல்பாதியின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று வரவில்லை, தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரியும். மேலே பளபளக்கும் பொன் மொசைக் முக்கோணங்கள் 19-ஆம் நூற்றாண்டு வேலை, வெனிசில் செய்து கொண்டுவந்தது. அதை மட்டும் படம் எடுத்துவிட்டு வராதீர்கள்.

22 ஜூலை

இரண்டு வாரமாக ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது. 13-ஆம் தேதி நான் எழுதிய தொனி சரியில்லை. கொள்ளைநோயை ஏதோ சாக்குபோல எழுதிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், மெலிந்த தூணைக் கட்டடக்காரன் சரிசெய்ய முடியும். பக்கத்தில் இன்னொரு கல் அடுக்கு சேர்க்கலாம், இரும்புக் கட்டு போடலாம், கூரையை மரத்தில் போட்டுப் பாரத்தைக் குறைக்கலாம். வழி இருக்கும். ஆனால் அதைச் சொல்லும் ஆளும் செய்யும் ஆளும் உயிரோடு இருக்க வேண்டும்.

1339-இல் இந்த வேலைக்கு நேப்பிள்சிலிருந்து வரவழைத்த தலைமைக் கட்டடக்காரர் லாந்தோ தி பியேத்ரோ. அடிப்படையில் தட்டான். 1340-இலேயே இறந்துவிட்டார், அது நோய்க்கு முன்பு. ஓவியர்கள் பியேத்ரோ லொரென்செத்தி, அம்ப்ரோஜோ லொரென்செத்தி என்ற அண்ணன் தம்பி, இதே பேராலயத்தின் பக்கப் பீடங்களுக்கு 1342-இல் ஆளுக்கொரு படம் வரைந்தவர்கள். 1348-க்குப் பிறகு இருவரைப் பற்றியும் பேச்சே இல்லை. நோயில்தான் போனார்கள் என்பது பலரின் முடிவு. பெயர் தெரிந்தவர்களே இப்படி என்றால் கல் உடைத்தவன், சுண்ணாம்பு குழைத்தவன், சாரம் கட்டியவன் கணக்கு யாரிடம் இருக்கும்?

தலைமுறை தலைமுறையாக அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தொழில் இது. 4 சோல்திப் பையன் செத்துப்போனால் அடுத்த முகப்பு கிடையாது.

ஆகவே இப்போது என் பதில்: சுவர் பலவீனம், அதைத் தூக்கி நிறுத்தக்கூடிய கைகளை நோய் கொண்டுபோனது. இரண்டும் சேர்ந்துதான்.

22 ஜூலை, இன்னொன்று

லாந்தோ பற்றி எழுதும்போது ஞாபகம் வந்தது. 1944 ஜனவரியில் சியன்னாவுக்கு வெளியே உள்ள ஒஸ்ஸெர்வான்சா ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. அங்கிருந்த ஒரு பழைய மரச் சிலுவை சிதறியது. இயேசுவின் தலை பிளந்து, உள்ளேயிருந்து தோல் சுருள்கள் கிடைத்தன. இதைச் செய்தவன் லாந்தோ தி பியேத்ரோ, வணங்க வேண்டியது இயேசுவை, இந்த மரத்தை அல்ல என்று எழுதித் தலைக்குள் வைத்து மூடியிருக்கிறார். அறுநூறு வருடம் யாருக்கும் தெரியாது. உடைந்த அந்தத் தலையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பேராலயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் வானம் தெரியும் அந்தக் கூடத்தை ஆரம்பித்த மனிதரின் குரல் நமக்குக் கிடைப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

15 ஆகஸ்ட்

இன்று மாதா விண்ணேற்பு விழா. ஆலயமே விண்ணேற்பு மாதாவுக்கு உரியது. நேற்று ஊரின் பதினேழு பேட்டைகளும் கொடி பிடித்து மெழுகுவர்த்திக் காணிக்கையோடு ஊர்வலமாகப் பேராலயத்துக்கு வந்திருப்பார்கள். நாளை பாலியோ குதிரைப் பந்தயம். ஜெயித்த பேட்டைக்காரர்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் பட்டுக்கொடியைத் தூக்கிக்கொண்டு நேராக ஆலயத்துக்குள் ஓடுவார்கள், நன்றிப் பாட்டு பாட.

இந்த ஊருக்கும் மாதாவுக்கும் உள்ள உறவு போர்க்களத்தில் ஏற்பட்டது. 1260-இல் புளோரன்ஸ் படை வாசலுக்கு வந்தபோது, பொனாகுய்தா லூக்காரி என்பவர் வெறுங்காலோடு ஊர் மக்கள் சூழப் பேராலயத்துக்குப் போய், நகரத்தின் சாவியைப் பீடத்தில் வைத்து ஊரையே மாதாவிடம் ஒப்படைத்தார் என்பது ஊர் வரலாறு. செப்டம்பர் 4, மொந்தப்பேர்த்தி என்ற இடத்தில் போர், சியன்னா ஜெயித்தது. குவிமாடத்தின் கீழே தூண்களில் இரண்டு நீண்ட மரக்கம்பங்கள் கட்டியிருக்கும். அந்தப் போரில் வந்த கொடித்தேரின் கம்பங்கள் என்கிறார்கள். சியன்னாவுக்குப் போகும் பத்துப்பேரில் ஒன்பதுபேர் அதைச் சாரத்துக் கம்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள்.

29 ஆகஸ்ட்

தரையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி இரண்டு மாதமாகிவிட்டது.

வாசலைத் தாண்டியதும் முதல் சித்திரம், 1488: கூம்புத் தொப்பி வைத்த தாடிக்காரர் குனிந்து நிற்பவர்களுக்குப் புத்தகம் கொடுக்கிறார். அவர் கிறிஸ்தவப் புனிதர் இல்லை, எகிப்து ஞானி என்று கருதப்பட்ட ஹெர்மிஸ். பக்கக் கூடங்களில் பத்துக் குறிசொல்லிப் பெண்கள், அவர்களும் பழைய கிரேக்க, ரோமானிய உலகத்தவர்கள். பீடத்தை நோக்கிப் போகப் போகத்தான் பைபிள் கதைகள். வெளியிலிருந்த ஞானமெல்லாம் வழிகாட்டி உள்ளே கூட்டிப்போகிறது என்ற எண்ணம். நடக்கும் காலுக்குத் தெரிகிற மாதிரி இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹெர்மிசுக்கு அடுத்து சியன்னாவின் ஓநாய், சுற்றிலும் மற்ற ஊர்களின் மிருகங்கள். புளோரன்சுக்குச் சிங்கம், பீசாவுக்கு முயல், ரோமுக்கு யானை! அந்த யானையிடம் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஒன்று மட்டும் துண்டுக் கற்கள் பதித்த மொசைக், இப்போது இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி செய்தது.

வேலை எப்படி என்று பார்க்க, கயிறு கட்டிய ஓரத்தில் உட்கார்ந்தேன். பழைய முறையில் வெள்ளைச் சலவைக்கல்லில் உளியால் கோடு கீறி, துளை போட்டு, அந்தப் பள்ளத்தில் கறுப்பை நிரப்பித் தேய்த்திருக்கிறார்கள். கல்லில் போட்ட பேனாக் கோடு. சில இடங்களில் கறுப்பு உதிர்ந்து பள்ளம் மட்டும் இருக்கிறது, உளி எங்கே ஆரம்பித்து எங்கே நின்றது என்று தெரிகிறது. ஒரு துணி மடிப்பின் கோடு வளைந்து வரும்போது நடுவில் மிகச் சின்னதாக ஒரு தடுமாற்றம். கை ஓய்ந்து, மறுபடி உளியை வைத்த இடம். பிறகு ஓவியர் பெக்காஃபூமி வந்தார், 16-ஆம் நூற்றாண்டு. அவர் வெள்ளை, சாம்பல், கரும்பச்சை என்று நிறநிறமான கற்களை வெட்டிச் சேர்த்து, வெளிச்சத்தையும் நிழலையும் கல்லாலேயே கொண்டுவந்தார். பலகைகளில் பல தேய்ந்துபோய்ப் பின்னால் மாற்றப்பட்டவை. மாற்றாதவற்றைக் கண்டுபிடிக்க வழி, இந்த மாதிரித் தடுமாற்றங்களைத் தேடுவதுதான் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் தேடினேன்.

31 ஆகஸ்ட்

ஓவியர் தூச்சோ பேராலயப் பீடத்துக்கு வரைந்த பெரிய மாதா படம் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

1308-இல் ஒப்பந்தம், நாளுக்கு 16 சோல்தி, எல்லாம் அவர் கையாலேயே செய்ய வேண்டும். 1311 ஜூன் 9 அன்று கடைகளை அடைத்து, மணிகள் முழங்க, ஊரே ஊர்வலமாக அவர் வீட்டிலிருந்து பேராலயத்துக்குக் கொண்டுவந்தது. முன்பக்கம் மாதா அரியணையில், பின்பக்கம் இயேசுவின் பாடுகள். மாதாவின் காலடியில், சியன்னாவுக்கு அமைதி கொடு, உன்னை இப்படி வரைந்த தூச்சோவுக்கு வாழ்வு கொடு என்று எழுதியிருக்கிறார். தன் பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார்.

1506-இல் பீடத்திலிருந்து இறக்கினார்கள். 1771-இல் முன்னையும் பின்னையும் பிரிக்க ரம்பத்தால் அறுத்தார்கள். ரம்பம் வழுக்கி மாதாவின் முகத்தில் பட்டது. சின்னப் பலகைகள் விற்கப்பட்டு லண்டன், வாஷிங்டன், நியூயார்க் என்று சிதறின. மிச்சம் அருங்காட்சியகத்தில், இருட்டான அறையில், எதிரெதிரே இரண்டு சுவர்களில். முன்பு முதுகோடு முதுகாக இருந்தவை இப்போது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன.

2 செப்டம்பர்

தேதியை அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டதாகவும், சியன்னாவில் ஒரு இரவு தங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

காலையில் முதல் ஆளாகத் தரையைப் பாருங்கள். கீழே உள்ள நிலவறை ஓவியங்களையும் விடாதீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் வரைந்தது. பின்பக்க விரிவாக்கம் வந்தபோது இடிபாடு கொட்டி மூடிவிட்டார்கள், 1999-இல்தான் தோண்டி எடுத்தார்கள். வெளிச்சமே படாததால் நீலமும் சிவப்பும் நேற்றுப் பூசியது போல இருக்கும். மைத்தானி பயந்தாரே, அந்த விரிவாக்கம்தான் இதைக் காப்பாற்றியது.

அப்புறம் அருங்காட்சியகம். அது தனிக் கட்டடம் இல்லை. கட்டி முடியாத அந்தப் புதிய ஆலயத்தின் வலப்பக்கக் கூடத்தில் மூன்று வளைவு இடைவெளிகளைச் சுவர் வைத்து அடைத்து, உள்ளேதான் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். வெளியே முற்றத்தில் நின்று பார்த்தால் பெரிய வளைவுகளின் வாய் அடைபட்டிருப்பது தெரியும். ஜியோவான்னியின் மிரியாம், தூச்சோவின் மாதா, அவர் வரைந்த வட்ட ஜன்னல், எல்லாம் அதற்குள். உள்ளே அந்த ஜன்னலையும் மிரியாமையும் பார்க்கும்போது தலையைத் திருப்பி, சுவரில் பதிந்து நிற்கும் தூணை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதுவும் மெலிந்த தூண்களில் ஒன்று.